அசைவு நார்மல்

வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரத்தில் இடம் கிடைத்த சந்தோஷம் அமலோற்பவத்துக்குப் பேகம்பூர் தாண்டும்வரைகூட நிலைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இரண்டே கால். காலை டூட்டி முடிந்தாயிற்று, சாப்பாட்டுக் கூடை காலியாக மடியில் கிடக்கிறது, வெயில் எதிர்ப்பக்கத்துக்காரர்கள் தலையில். இருபது வருஷம் நின்றே காலம் தள்ளிய ஒரு நர்ஸுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போதாததற்குப் போன் வேறு துடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி வாட்ஸப் குரூப்பில் நர்சிங் சூப்பரின்டெண்ட் செல்வநாயகி மேடம் ஒரு தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற தாள். அழுகிற முகத்தில் ஆரம்பித்துப் பல் தெரியச் சிரிக்கிற முகத்தில் முடிகிற மாதிரி ஐந்து முகம் வரைந்திருக்கும், மனசுக்குத் தோன்றியதைப் பேனாவால் வட்டமாகச் சுழிக்க வேண்டும். பல் தெரிகிற முகத்தை ஒருதரம் சுழித்தது போதாமல் மூன்று சுற்றுச் சுழித்திருந்தது. கீழே கோணல் எழுத்தில், ‘அமலா சிஸ்டர் கூடப்பொறந்த அக்கா மாதிரி பாத்தாங்க. டாக்டர் வந்திருந்தாக்கூட இவ்வளவு பொறுமையாப் பாத்திருக்க மாட்டாரு.’ அதற்கும் கீழே பேர், அபுதாகிர், போன் நம்பர். செல்வநாயகி மேடம் தன் பங்குக்கு, ‘திங்கட்கிழமை மீட்டிங்குக்கு இது ஒண்ணு போதும்’ என்று எழுதியிருந்தார். அதன் அடியில் கைதட்டு, கைதட்டு, தாமரைப்பூ, கைகூப்பு. கோணல் எழுத்துக்கு ஏன் கோணல் என்று, ஆஸ்பத்திரியில் அமலாவான அமலோற்பவத்துக்குத்தான் தெரியும். வலது கை ஆள்காட்டி விரலில் கட்டோடு இடது கையால் எழுதினான் பாவம். அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

பக்கத்து சீட்டு அம்மாள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டலம் மடியில், தோல் காலடியில், கண் எங்கோ. விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. நுனி மடங்கும், அழுந்தும், டப்பென்று தோல் பிளக்கும், பருப்பு வாய்க்குப் போகும். மறுபடி நுனி மடங்கும். அமலோற்பவம் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது கடலையோ ஐந்தாவது கடலையோ, அவள் பார்வை அந்த விரலிலேயே நின்றுவிட்டது. நுனி. அவன் விரலின் நுனி. அது மடங்கியதை நான் பார்த்தேனா? பார்த்தேனே. மடக்குங்க தம்பின்னு சொன்னேன், மடங்குதுக்கான்னான். அது அவன் சொன்னது. நீ பார்த்தாயா? அவன் கையை முஷ்டி மாதிரி மூடினான், அது ஓரக்கண்ணில் தெரிந்தது. முஷ்டி யாரடி கேட்டது, நுனி, நுனி! கடலைக்காரம்மாள் இவள் முறைப்பதைப் பார்த்துவிட்டு, பசி போலிருக்கிறது என்று நினைத்து ஒரு கை அள்ளி நீட்டினாள். “எடுத்துக்கம்மா, வறுத்ததுதான்.” அமலோற்பவம் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

காலை ஒன்பதரை இருக்கும் அவன் வந்தபோது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை, ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்கும்போது உடைந்து விரலில் ஏறிவிட்டது. கைக்குட்டை முழுக்க ரத்தம். மற்ற நாளாக இருந்தால் கேஷுவாலிட்டி பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான், மாரடைப்பும் ஆக்ஸிடென்டும் முடிந்து டாக்டருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்வரை. இப்போது அப்படி இல்லை. மூன்று மாசமாக ஏழாம் நம்பர் அறை அமலோற்பவத்தின் அறை. சின்ன வெட்டு, சுளுக்கு, நாய்க்கடி, காய்ச்சல் எல்லாவற்றையும் நான்கு நர்ஸுகளே முறைபோட்டுப் பார்த்து, தையல் போட்டு, ஊசி போட்டு அனுப்பலாம், சந்தேகம் வந்தால் மட்டும் டாக்டரைக் கூப்பிட்டால் போதும். அதற்காக ஆறு மாசம் டாக்டர் பூபதி வகுப்பெடுத்தார், பரீட்சை வைத்தார், பன்றித் தோலில் தையல் பழக்கினார். மூன்று மாசச் சோதனை இன்றோடு முடிகிறது, திங்கட்கிழமை மீட்டிங்கில் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு. இந்தச் சமயத்தில்தானா? இந்தக் கடைசி நாளில்தானா? வெண்ணெய் திரண்டு வரும்போதுதானா தாழி உடைய வேண்டும் என்று வயிறு எரிந்தது. எரிந்த மறு நொடியே, அட பாவி, உடைந்தது தாழியா, அவன் விரலல்லவா, நீ எதற்கு அழுகிறாய் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஏனென்றால் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவள் செய்தால் பிழை, தெரிந்தவள் செய்தால் அதற்கு வேறு பேர். விரலை மடக்க உள்ளே இரண்டு தசைநாண் உண்டு. ஒன்று நடு மூட்டை மடக்கும், அது அங்கேயே முடிந்துவிடும். மற்றது ஆழத்தில் ஓடி நுனிவரைக்கும் போய் நுனியை மடக்கும். அபுதாகிருக்கு வெட்டு நடு மூட்டுக்கும் நுனி மூட்டுக்கும் இடையில், நுனிக்குப் போகிற நாண் மட்டும் ஓடுகிற இடத்தில். அது அறுந்திருந்தாலும் விரல் முஷ்டிக்குள் வந்துவிடும், நடு மூட்டு மடங்கிக் காட்டும், பார்க்கிறவனை ஏமாற்றும். அதனால்தான் டாக்டர் பூபதி மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார், நடு மூட்டை நீ பிடிச்சுக்கணும், பிடிச்சுக்கிட்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்லணும், உன் கண்ணால பார்க்கணும் என்று. அவளும் மூன்று மாசமாக ஒரு விரலைக்கூட விட்டதில்லை. இன்றைக்கும் விட்டிருக்க மாட்டாள். மரப்பு ஊசி போட்டு, கழுவி, கண்ணாடித் தூள் இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பார்த்து, கடைசித் தையலை முடிச்சுப் போட்டுவிட்டு, மடக்குங்க தம்பி என்றாள். தையலுக்கு முன்னாலேயே பார்த்திருக்க வேண்டியது, ரத்தம் நிற்கட்டும் என்று தள்ளிப் போட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் கதவு திறந்தது. செல்வநாயகி மேடம், பின்னால் யாரோ கோட்டுப் போட்ட இரண்டு பேர். இவங்கதான் சார் நம்ம அமலா, இவங்க ரூம்ல மட்டும் தொண்ணூத்தாறு பர்சன்ட் திருப்தி! அமலோற்பவம் திரும்பினாள். திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முகத்தைக் கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து “மடங்குதுக்கா” என்று அவன் குரல். கோட்டுக்காரர்கள் போனார்கள், அவள் கட்டுப் போட்டாள், பேனாவை எடுத்தாள், ‘அசைவு நார்மல்’ என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

அந்த இரண்டு வார்த்தைதான். அதை அவள் எழுதவில்லை, பேனாதான் எழுதியது என்று சொன்னால் வெளியாள் சிரிப்பான், நர்ஸுகள் சிரிக்க மாட்டார்கள். ட்ரெயினிங் காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்பது கட்டிலுக்கும் ஜுரம் பார்த்து எழுத வேண்டும். பத்துக் கட்டிலுக்குப் பார்ப்பார்கள், மிச்ச முப்பதுக்குப் பேனாவாலேயே பார்ப்பார்கள். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு என்று வரிசையாக இறங்கிப் போகும். நாடித் துடிப்பு எல்லோருக்கும் எழுபத்திரண்டு, செத்துக்கொண்டிருக்கிறவனுக்குக்கூட எழுபத்திரண்டு. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆனதில்லை, ஆனது தெரியவில்லை. ஆனால் அப்போதெல்லாம் அந்தத் தாளை டாக்டர் ஒருதரம் பார்ப்பார், தப்பு இருந்தால் அவர் தலையில் விடியும். இப்போது அவளுக்குப் பின்னால் யாரும் கிடையாது. எனக்குப் பின்னால யாரும் வேண்டாம், நானே பார்த்துக்குவேன் என்று கேட்டு வாங்கியதுதானே இது! கேட்டு வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பழைய ட்ரெயினிங் பெண்ணின் பேனாவைப் பிடித்திருக்கிறாய். வீட்டில் புருஷன் சூசை அவளை ‘பாதி டாக்டர்’ என்று கேலி செய்வான். பாதி டாக்டரும் இல்லை, முழு நர்ஸும் இல்லை, இன்றைக்கு நீ என்னதான் என்று கேட்டுக்கொண்டாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

சரி, முதலில் பதறாதே. அறுந்துதான் இருக்கும் என்று என்ன நிச்சயம்? அறாமலும் இருக்கலாம். ரத்தத்தைத் துடைத்தபோது உள்ளே வெள்ளையாக ஏதாவது தெரிந்ததா? தெரியவில்லை. தேடினாயா? கண்ணாடித் தூளைத் தேடினேன். அதைத் தேடவில்லை. தேடாத பொருள் கண்ணில் படாது, வீட்டுச் சாவிக்கே அப்படித்தான். கட்டை மூன்றாம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள், தையல் பிரிக்கப் பத்தாம் நாள் வரச் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கிளினிக்கில் நுனியை யார் பார்க்கப் போகிறார்கள்? பத்தாம் நாள் வருவான், கட்டைப் பிரிப்பாள், நுனி கொடி மாதிரி துவண்டு கிடக்கும். அதற்குள் அறுந்த நாண் உள்ளங்கைப் பக்கமாகச் சுருங்கி ஏறியிருக்கும், இழுத்துப் பிடித்துத் தைக்கச் சட்டென்று வராது. அவன் வேலை என்ன? அரிசி மணியைவிடச் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுகிற வேலை. தையல் போடும்போது அவனே பெருமையாகச் சொன்னான், போனைத் திறந்தா பதினேழு ஸ்க்ரூ இருக்கும்க்கா, ஒண்ணை மாத்திப் போட்டாலும் டிஸ்ப்ளே போயிரும். அவளும் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டே தைத்தாள். எத்தனை பிள்ளைங்க, ஒண்ணுதான்க்கா, என்ன பேரு, ஹாஜிரா, எல்கேஜி. எல்லாம் கேட்டாள். கேட்டதில் பொய்யில்லை, உண்மையாகவே பிரியமாகத்தான் கேட்டாள். எல்கேஜி வரைக்கும் கேட்கத் தெரிந்தவளுக்கு ஒரு நுனியைக் கேட்கத் தெரியவில்லை.

திருப்தியாம் திருப்தி! மூன்று மாசமாகப் பல் தெரிகிற முகங்களை எண்ணி எண்ணிப் பூரித்துப் போனாளே, அந்த முகத்தை ஜனங்கள் எதற்காகச் சுழிக்கிறார்கள்? சீக்கிரம் பார்த்தார்களா, முகம் கொடுத்துப் பேசினார்களா, வலிக்காமல் செய்தார்களா, அவ்வளவுதான். உள்ளே சரியாக இருக்கிறதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது கட்டியவளுக்கு மட்டும்தான் வெளிச்சம். டாக்டர் கோகுலகண்ணன் கான்டீனில் எல்லோர் காதும் கேட்கச் சொன்னார், தையல் போடத் தெரிஞ்சா டாக்டரா, அப்போ டெய்லரெல்லாம் சர்ஜன்தான்யா என்று. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதே ஆஸ்பத்திரியில்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிழவர் நெற்றியில் பிளவோடு நாலு மணி நேரம் காத்திருந்தார். அவளுக்குத் தைக்கத் தெரியும், ஊசியும் நூலும் கையெட்டும் தூரம், சட்டம்தான் கையெட்டவில்லை. பஞ்சை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் இந்த அறையை அவள் அத்தனை ஆசைப்பட்டுக் கேட்டது. இப்போது கோகுலகண்ணன் சொன்னது சரிதான் என்று நிரூபித்துவிட்டாள். அவளோடு போனால்கூடப் பரவாயில்லை. தில்லைநாயகி இருக்கிறாளே, இருபத்தாறு வயசு, நாலு பேரில் சின்னவள், அக்கா அக்கா என்று காலைச் சுற்றுவாள், இவளைவிட நன்றாகத் தைப்பாள். திங்கட்கிழமை இந்த ஒரு விரல் வெளியே வந்தால் அவளும் ட்ரே ஏந்தப் போக வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தது என்ன, சீட்டுக்கடியில் இருந்து பூனை மாதிரி மெல்ல ஏறி மடியில் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால் என்ன? நாண் இன்றே தைக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லையே, நாலைந்து நாள் தாங்கும், டாக்டர் பூபதியே சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மீட்டிங் முடிந்துவிடும், அறை நிலைத்துவிடும், தில்லைநாயகி பிழைத்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை காலை போன் போட்டு, சும்மா விசாரிக்கலாம்னு கூப்பிட்டேன் தம்பி, விரல் எப்படியிருக்கு என்று கேட்டால் இன்னும் நல்ல பேர்தான். யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோருக்கும் நல்லது. கணக்காகப் பொருந்தியது, பொருந்திய அழகில் ஒரு நிமிஷம் அவளுக்கு மூச்சுக்கூடச் சீராக வந்தது. நாளைக்கு ஞாயிறு பூசை, முன்னாடியே போய்ப் பாதர் காதில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாம். பாதர் மூன்று செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். மூன்று செபத்துக்கு விரல் மடங்குமா? மூன்று நாள் அவன் அந்தக் கையால் போனைத் திறப்பான், படக்கென்று எதையாவது அழுத்துவான், உள்ளே சுருங்குகிறது சுருங்கிக்கொண்டே இருக்கும், இவள் அதை நாள்காட்டியில் பார்த்துக்கொண்டு சாம்பார் தாளிப்பாள். அவன் அக்கா என்று எழுதியிருக்கிறான். கூடப்பிறந்தவன் விரலாக இருந்தால் செவ்வாய்க்கிழமை என்பாயா? சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கடலைக்காரம்மாள், “சொத்தையா? ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்மா” என்றாள்.

செம்பட்டியில் பஸ் நின்றது. டிரைவர் டீக்கு இறங்க, இன்ஜின் ஓய்ந்து, திடீரென்று ஊர்ச் சத்தமெல்லாம் கேட்டது. அமலோற்பவம் கடலையைக் கூடையில் கொட்டிவிட்டுப் போனை எடுத்தாள். பாராட்டுத் தாளின் படத்தைப் பெரிதாக்கினாள், பல் தெரிகிற முகத்தைத் தள்ளிவிட்டுக் கீழே இருக்கிற நம்பருக்கு வந்தாள். பத்து எண்ணில் இரண்டுதரம் தப்பாக அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்காதே, எடுக்காதே என்று ஒரு மனசு. எடுத்துத் தொலையேன் என்று ஒரு மனசு.

“ஹலோ, நிலா மொபைல்ஸ்.”

“தம்பி, நான் ஆஸ்பத்திரி அமலா பேசறேன். காலையில தையல் போட்டேன்ல.”

“அக்கா! சொல்லுங்கக்கா. மாத்திரை போட்டுட்டேன், கையைத் தூக்கித்தான் வச்சிருக்கேன். நம்பலையா நீங்க?” யாரிடமோ, நம்ம ஆஸ்பத்திரி அக்கா பேசறாங்க என்று அவன் பெருமையாகச் சொல்வது கேட்டது.

“ஒண்ணு செய்ங்க. இடது கையால அந்த விரலோட நடு மூட்டை மெதுவாப் பிடிச்சுக்கங்க. கட்டை அழுத்தாதீங்க. பிடிச்சாச்சா? இப்ப நுனியை மட்டும் மடக்கிப் பாருங்க. பலமா வேண்டாம்.”

செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கொய்யாப்பழம் கூவினான், தேனி தேனி என்று ஒரு கண்டக்டர் கத்தினான். அமலோற்பவம் தன் ஆள்காட்டி விரலின் நடு மூட்டைப் பிடித்து, தன் நுனியை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடையது மடங்கியது.

“இல்லக்கா” என்றான். “வரல.”

“கொஞ்சங்கூடவா?”

“கொஞ்சங்கூட இல்லக்கா.” பிறகு, சமாதானம் சொல்கிற குரலில், “மரப்பு ஊசி இன்னும் இறங்கலையோ என்னமோ.”

“மரப்பு வலியைத்தான் எடுக்கும் தம்பி, மடக்கறதை எடுக்காது. தப்பு என் பேர்ல. நான் பார்த்திருக்கணும். பார்க்கல. பார்க்காமலே நல்லா இருக்குன்னு எழுதிட்டேன்.” சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயும் சோற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. திட்டட்டும், கத்தட்டும், கடையிலிருக்கிறவனிடம் சொல்லி அவனையும் கத்தச் சொல்லட்டும் என்று காதைப் போனோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

“அது காலையிலேயே தெரியும்க்கா” என்றான் அபுதாகிர்.

“என்ன தெரியும்?”

“நீங்க மடக்கச் சொன்னீங்கள்ல, அப்பவே நுனி வரல. சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அந்தப் பெரிய மேடம் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து உங்களப் பத்தி அவ்வளவு உசத்தியாச் சொல்லிட்டிருந்தாங்க. உங்க முகமே மலர்ந்துபோச்சு. அந்த நேரத்துல போயி, மடங்கலைன்னு எப்படிக்கா சொல்றது? உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிரும்ல. சரி, தானா சரியாயிரும்னு மடங்குதுன்னு சொல்லிட்டேன்.”

அமலோற்பவம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர். இன்னும் எத்தனை பேர் இப்படி வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு, பல் தெரிகிற முகத்தைச் சுழித்துவிட்டுப் போனார்களோ? பிரியமாகப் பேசிப் பேசி அவன் வாயைத் தைத்துவிட்டாளே. டிரைவர் ஏறிவிட்டான், இன்ஜின் உறுமியது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு கடலைக்காரம்மாளின் காலைத் தாண்டி, ஆள் இறங்கணும் ஆள் இறங்கணும் என்று கத்திக்கொண்டே படிக்கு ஓடினாள்.

“தம்பி, கடையைச் சாத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. கேஷுவாலிட்டிக்கே போங்க. டாக்டர் பூபதிகிட்ட நான் இப்பவே எல்லாத்தையும் சொல்லிடறேன். அவரு திரும்பத் திறந்து நாணைச் சேர்த்துத் தைக்கணும். இன்னைக்கே தைச்சா கூடிரும். நானும் வந்துக்கிட்டிருக்கேன்.”

“சரிக்கா, வரேன். நீங்க பதறாதீங்க.” கொஞ்சம் தயங்கினான். “நான் வந்து நின்னா, அங்க உங்களுக்கு எதுவும் பிரச்சனை வராதேக்கா?”

வராது என்றுதான் வாயில் வந்தது. அப்படிச் சொல்லித்தான் பழக்கம், நோயாளியைப் பயப்படுத்தக் கூடாது. அவள் அதை விழுங்கினாள்.

“வரும் தம்பி” என்றாள். “நீங்க வாங்க.”